டியர்டிராப் வண்டியின் டிக்கிக்கு எந்தக் கீல்? பட்டவர்கள் சொல்லுங்கள்

திருநகரிலிருந்து:

வீட்டு வாசலில் வைத்தே நானும் ஆசாரியுமாகக் கட்டிய டியர்டிராப் டிரெய்லருக்கு (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும், கண்ணீர்த் துளி வடிவக் குட்டி வண்டி) இப்போது ஒன்றரை வயது. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். பின்னால் டிக்கியைத் தூக்கினால் அடுப்படி. அச்சு, டயர், பிளைவுட் என்று எல்லாவற்றுக்கும் நாலு பேரிடம் விசாரித்தேன். கீலுக்கு மட்டும் யாரிடமும் கேட்கவில்லை.

நாலடி நீளத்துக்கு ஒரே துண்டாக ஸ்டெயின்லெஸ் பியானோ கீல் (கணுக் கணுவாக, நடுவில் ஒரே கம்பி ஓடும் நீளப் பட்டைக் கீல்) போட்டோம். பார்க்க அவ்வளவு அழகு. தீபாவளி லீவுக்குக் கொடைக்கானல் கிளம்பினோம். வத்தலகுண்டு தாண்டி மலை ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது. டம்டம் பாறைப் பக்கம் வைப்பர் ஓடியும் ரோடு தெரியவில்லை. மேலே போய் டிக்கியைத் தூக்கினால், அரிசி டப்பா மூடியில் தண்ணீர் குளம் கட்டி நிற்கிறது. ஸ்டவ் பர்னருக்குள் தண்ணீர். இட்லிப் பொடி களியாகிவிட்டது. டார்ச் அடித்து அண்ணாந்து பார்த்தேன். கீலின் கணுவுக்குக் கணு ஒரு சொட்டு, பாசிமணி கோத்த மாதிரி வரிசையாகத் தொங்கியது.

ஊருக்கு வந்ததும் கீல் மேல் சிலிகான் இழுத்தேன். அசைகிற மூட்டில் அது எத்தனை நாள் நிற்கும்? நாலைந்து தடவை திறந்து மூடியதுமே பிய்ந்துவிட்டது. கடைசியில் ஆசாரிதான் வழி சொன்னார். அவர் சோழவந்தான் பக்கம் ஓட்டு வீடுகளுக்குக் கூரை போட்டே கை பழகியவர். "இதைக் கதவுன்னு நினைச்சோம் சார், அதான் தப்பு. இது கூரை. மேல் ஓடு கீழ் ஓட்டு மேல ஏறிப் படுக்கணும்" என்றார்.

பஞ்சர் கடையில் பழைய லாரி டியூப் வாங்கி நாலு அங்குல அகலத்துக்கு வெட்டினோம். மேல் ஓரத்தை மட்டும் கூரைப் பக்கம் பியூட்டைல் டேப்பில் (பிசின் மாதிரி ஒட்டும் ரப்பர் டேப்) ஒட்டி, அதன் மேல் அலுமினியப் பட்டி வைத்து ஸ்க்ரூ முறுக்கினோம். கீழ் ஓரத்தை ஒட்டவில்லை. அது கீலைத் தாண்டி டிக்கி மேல் படுத்துக் கிடக்கிறது. டிக்கியைத் தூக்கும்போது ரப்பரும் கூடவே மடங்கிக் கொடுக்கிறது. காற்று முன்னாலிருந்து பின்னால் போவதால் ஓடும்போதும் எழும்புவதில்லை. அதற்குப் பிறகு ஐப்பசி, கார்த்திகை முழுக்க நனைந்தும் உள்ளே ஒரு சொட்டு இல்லை. சித்திரை வெயிலில் மட்டும் மயிரிழை வெடிப்பு விட்டது. புதுத் துண்டு போட்டுவிட்டேன்.

நீங்கள் என்ன கீல் போட்டீர்கள், என்ன ஆயிற்று என்று விவரமாகச் சொல்லுங்கள்.

உசிலம்பட்டியிலிருந்து:

வீட்டுக் கதவுக்குப் போடுற கீல் நாலு போட்டா தாங்காதாண்ணே? நான் இன்னும் டிக்கி வேலைக்கே வரல.

கப்பலூரிலிருந்து:

தாங்கும் தம்பி. ஆனா நாலு கீலும் ஒரே கோட்டுல நிக்கணும். ஒண்ணு ஒரு நூல் (அங்குலத்துல எட்டுல ஒரு பங்கு) விலகினாலும் திறக்கும்போது இறுக்கிப் பிடிச்சு ஸ்க்ரூவை நெம்பும். கீலுக்கும் கீலுக்கும் நடுவுல இருக்கிற சந்துக்கும் அண்ணன் சொன்ன ரப்பர் வேணும்.

நான் லேத் பட்டறை வச்சிருக்கேன். என் வண்டில தண்ணி ஒழுகல, கீலே பிடுங்கிக்கிச்சு. டிக்கியைத் தாங்க ரெண்டு பக்கமும் கேஸ் ஷாக் (உள்ள அழுத்தின வாயு இருக்கிற தள்ளுகம்பி) போட்டேன். பலமா இருக்கட்டும்னு ஒவ்வொண்ணும் 400 நியூட்டன் தள்ளு. மூணே மாசத்துல இடது ஓரத்துக் கீல் பிளைவுட்டை விட்டு ரெண்டு நூல் எழும்பிடுச்சு. காரணம் இதான்: டிக்கி மூடியிருக்கும்போது ஷாக் கதவோட சேர்ந்து படுத்துக்கும். அப்பதான் அது முழுசா அமுங்கியிருக்கு. கதவைத் தூக்க முடியாம, அந்தத் தள்ளு பூராவும் நேரா கீல் மேல போகுது. நிறுத்தி வச்சிருக்கிற ராத்திரி பகல் எல்லாம் இந்த வேலை நடக்குது.

கணக்கு சிம்பிள். என் டிக்கி 15 கிலோ, 9.8ஆல பெருக்கி நியூட்டன் ஆக்கினா 147. கீல்லருந்து எடை மையம் 60 செ.மீ. ரெண்டையும் பெருக்கினா 88 நியூட்டன் மீட்டர் வரும். திறந்து நிக்கும்போது கீல்லருந்து ஷாக் கோட்டுக்கு மூலைமட்டமா அளந்த தூரம் 25 செ.மீ. வகுத்தா 350 நியூட்டன், ரெண்டு ஷாக்குக்கும் பிரிச்சா ஆளுக்கு 175. அதனால 200 போட்டேன். கொஞ்சம் கூட வைக்கிறதுக்கும் காரணம் இருக்கு. உள்ள இருக்கிறது வாயு. நம்மூர் 40 டிகிரில இருக்கிற தள்ளு, கொடைக்கானல் விடியக்காலை 10 டிகிரில பத்துல ஒரு பங்கு குறைஞ்சிடும். காபி போடுறப்ப கதவு தலைல இறங்கக் கூடாதுல்ல.

பிளைவுட்ல வெறும் ஸ்க்ரூ ஏத்தாதீங்க. அடில முழு நீளத்துக்கும் ரெண்டு அங்குலத் தேக்கு ரீப்பர் கொடுத்து, போல்ட்டை ஊடுருவ விட்டு, அகல வாஷர், நைலாக் நட்டு (அதிர்வுல கழலாத நட்டு). துளைக்குள்ள எபாக்ஸி பசை தடவிடணும், இல்லன்னா தண்ணி இறங்கிப் பிளைவுட் உப்பிரும்.

அனுப்பானடியிலிருந்து:

என் தம்பி அமெரிக்காவிலிருந்து வரும்போது அங்கே டியர்டிராப் கட்டுகிறவர்கள் போடும் ஹரிக்கேன் கீல் கொண்டுவந்தான். இரண்டு அலுமினியப் பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்று கொக்கி போல மாட்டிக்கொள்ளும். நடுவில் கம்பி கிடையாது, கணு கிடையாது. தண்ணீர் மேலேயே வழிந்து போய்விடும். ஆசாரி சொன்ன ஓட்டுக் கணக்கு அதற்குள்ளேயே இருக்கிறது அண்ணே. ஆனால் இரண்டு நுனியும் திறந்தே இருக்கும். அங்கே அடைக்காவிட்டால் பக்கவாட்டில் ஒழுகும். எனக்கு ஒழுகியது.

நான் செய்த தப்பு ஸ்க்ரூவில். கையிலிருந்த துத்தநாகப் பூச்சு ஸ்க்ரூவை முறுக்கிவிட்டேன். தனுஷ்கோடியில் இரண்டு நாள் நிறுத்தியிருந்தோம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஸ்க்ரூத் தலையைச் சுற்றி வெள்ளையாக மாவு பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் கீழே அலுமினியம் குழிந்திருக்கிறது. இரண்டு வேறு உலோகங்களுக்கு நடுவில் உப்புத் தண்ணீர் வந்தால் ஒன்று மட்டும் வேகமாக அரிபடும்; பூச்சு போனபின் இரும்பு ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில் அலுமினியம்தான் அரிபடும். எல்லாவற்றையும் கழற்றி ஸ்டெயின்லெஸ் மாற்றினேன். அதுவும் அலுமினியத்தை நேராகத் தொடாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் நைலான் வாஷர், மரையில் கிரீஸ். கடற்கரைக்குப் போய் வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிவிடுகிறேன்.

திருநகரிலிருந்து:

கப்பலூர்த் தம்பி, உங்கள் பதிவைப் படித்ததும் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். என் டிக்கியில் எடை மையம் 57 செ.மீ. ஷாக் ஒவ்வொன்றும் 350 நியூட்டன். வலது ஓரத்தில் கீலுக்கு அடியில் நகம் நுழைகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆசாரியை வரச் சொல்லியிருக்கிறேன். ரீப்பர் வைத்த பிறகு படம் போடுகிறேன்.