புதுப்பிப்பு: சித்தப்பாவின் புலனப் (வாட்ஸ்அப்) பதிவு

போன மாதம் எழுதியிருந்தேனே: மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம்.மில் வரலாற்றுத் தாளில் தவறி, சான்றிதழ் கிடைக்காமல் போன தங்கையைப் பற்றிச் சித்தப்பா குடும்பப் புலனக் குழுவில், "செம்பனைப் பழம் பொறுக்கத்தான் லாயக்கு" என்று போட்டார். கீழே 14 சிரிப்புப் பொம்மைகள்.

போலீஸுக்குப் போகச் சொன்னீர்கள். 2025 ஜூலை 11 முதல் பகடிவதை (ஒருவரைக் கேலி செய்தும் மிரட்டியும் துன்புறுத்துவது) மலேசியத் தண்டனைச் சட்டத்திலேயே தனிக் குற்றம்தான், பிரிவுகள் 507பி முதல் 507ஜி வரை. ஆனால் சுங்கை சிப்புட்டில் அடுத்த திருவிழாவுக்கும் அவர் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். திரைப்பிடிப்புகளை மட்டும் பத்திரப்படுத்தினேன்.

ஞாயிறு காலை அவர் வீட்டுக்குப் போனேன். மோட்டார் கழுவிக்கொண்டிருந்தார். "விளையாட்டுக்குத்தானே ஐயா" என்றார். சரியென்று, சித்தி முன்னால் அந்த வரியைச் சத்தமாக வாசித்தேன். மோட்டாரின் ஒரே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சித்திதான் கேட்டார்: "உங்க அம்மா எதைப் பொறுக்கி உங்களை வளர்த்தாங்க?"

மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. மறுநாள் எங்கள் கேட்டில் ஒரு பை ரம்புத்தான் தொங்கியது. அம்மா அதையே மன்னிப்பு என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

தங்கை குழுவைவிட்டு வெளியேறிவிட்டாள்; திரும்பச் சேர்க்கச் சொல்லி யாரும் கேட்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். வரலாற்றை மறுபடி எழுதப் போகிறாள். ரம்புத்தானை நான்தான் தின்று தீர்த்தேன்.