அம்பாசிடர் மார்க் 3: ஓட்டும்போதே ஹெட்லைட் அணைகிறது, ஸ்விட்ச் குமிழ் சுடுகிறது

மார்க்3_காரைக்குடி:
வணக்கம். அப்பா ஓட்டிய 1978 மார்க் 3, பெட்ரோல். போன வாரம் புதுக்கோட்டையில் ஒரு வரவேற்புக்குப் போய்விட்டு இரவு திரும்பினோம். திருமயம் தாண்டியதும் இரண்டு ஹெட்லைட்டும் ஒன்றாக அணைந்துவிட்டன. பார்க்கிங் லைட் மட்டும் எரிந்தது. ஓரங்கட்டி டேஷ்போர்டில் ஸ்விட்ச் குமிழைத் தொட்டால், காபி டம்ளரைத் தொட்ட மாதிரி சூடு. பத்து நிமிடம் ஆறவிட்டு இழுத்தேன், எரிந்தது. கால் மணி நேரத்தில் மறுபடி போய்விட்டது. மீதித் தூரத்தை ஒரு லாரியின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே வந்து சேர்ந்தோம்.

இது நான் போட்ட மூன்றாவது ஸ்விட்ச். ஒவ்வொன்றும் நான்கு மாதம்கூடத் தாங்கவில்லை. கடைக்காரர் "இப்ப வர்ற சரக்கே அப்படித்தான் சார்" என்கிறார். ஒரிஜினல் பழைய ஸ்விட்ச் எங்கே கிடைக்கும்? யாராவது சொல்லுங்கள்.

டைனமோ_மணி:
தம்பி, ஸ்விட்ச் தேடுவதற்கு முன்னால் இரண்டு கேள்வி. பல்பு எத்தனை வாட்? ரிலே (சின்னக் கரண்ட்டை வைத்துப் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் பெட்டி) இருக்கிறதா?

மார்க்3_காரைக்குடி:
ரிலே எதுவும் இல்லை, அப்பா காலத்து வயரிங்தான். பல்பு போன தீபாவளிக்கு மாற்றினேன், வெளிச்சம் பத்தவில்லை என்று. மேலே 100/90 என்று எழுதியிருக்கிறது, பிரைட்டுக்கு 100 வாட், டிம்முக்கு 90. யோசித்துப் பார்த்தால் அதற்கு முன்னால் ஸ்விட்ச் தொந்தரவே இருந்ததில்லை.

டைனமோ_மணி:
பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். அந்தக் காலத்து வண்டிகளில் பல்பு 40, 45 வாட்தான். ஜோடிக்கு 90 வாட் என்றால் 12 வோல்ட்டில் ஏழரை ஆம்பியர். உங்கள் 100 வாட் ஜோடி கிட்டத்தட்ட 17 ஆம்பியர் இழுக்கும். ரிலே இல்லாததால் அத்தனையும் ஸ்விட்சுக்குள் இருக்கும் ஒரு சின்னப் பித்தளைத் தகடு வழியாகத்தான் போயாக வேண்டும். தகடு சூடேறினால் அதன் விறைப்பு போய்விடும், காண்டாக்ட் சரியாக அழுந்தாது, கார்பன் பிடிக்கும், இன்னும் சூடாகும். ஆறினால் திரும்ப ஒட்டிக்கொள்ளும். நீங்கள் ரோட்டில் பார்த்தது அதைத்தான்.

வெளிச்சம்_வேலு:
எதுக்கு இவ்வளவு கணக்கு? எல்இடி பல்பு போட்டு விடுங்க ப்ரோ. கரண்ட்டே இழுக்காது, ஸ்விட்ச் சூடாகாது.

டைனமோ_மணி:
ஸ்விட்ச் சூடாகாது, சரிதான். ஆனால் அந்த வட்ட ரிஃப்ளெக்டர் இழை பல்புக்காக வளைத்தது. இழை இருக்கும் இடத்தில் எல்இடி சில்லு துல்லியமாக உட்காராவிட்டால் வெளிச்சம் ரோட்டில் விழாமல் எதிரே வருபவர் கண்ணில் விழும். அப்புறம் உங்கள் விருப்பம்.

காரைக்குடிக்காரரே, எதையும் வாங்குவதற்கு முன்னால் அளந்து பாருங்கள். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். எஞ்சின் ஆஃப், ஹெட்லைட் பிரைட்டில். ஸ்விட்ச் பின்னால் லூகாஸ் (பிரிட்டிஷ் மின்சாதன நிறுவனம்) நிற முறைப்படி பழுப்பு ஒயர் பேட்டரியிலிருந்து வருவது, நீலம் டிப்பருக்கு, அதாவது பிரைட், டிம் மாற்றும் ஸ்விட்சுக்குப் போவது. உங்கள் வண்டியில் நடுவில் யாராவது நிறம் மாற்றிக் கட்டியிருக்கலாம், நம்பிவிடாதீர்கள். மீட்டரின் ஒரு முள்ளைப் பழுப்பிலும் இன்னொன்றை நீலத்திலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் ஸ்விட்ச் நல்லது. அதேபோல் டிப்பருக்கும் பாருங்கள். பிறகு பேட்டரியிலும், பல்பில் ஒயர் சேரும் பின்னிலும் அளந்து எழுதுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் எரியவிடாதீர்கள்.

முள்ளை வைக்கும்போது பழுப்பு ஒயரைப் பாடியில் தட்ட விட்டுவிடாதீர்கள். அதற்கு ஃபியூஸ் கிடையாது. ஸ்விட்சைக் கழற்றுவதாக இருந்தால் முதலில் பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிடுங்கள்.

மார்க்3_காரைக்குடி:
அளந்துவிட்டேன்.
பேட்டரியில் 12.1. பல்பு பின்னில் 9.3.
ஸ்விட்சுக்குக் குறுக்கே 1.4. டிப்பருக்குக் குறுக்கே 0.8.

டைனமோ_மணி:
மொத்தம் 2.8 வோல்ட் வழியிலேயே காலி. ஸ்விட்சும் டிப்பரும் சேர்ந்து 2.2 தின்கின்றன, மீதி ஒயரும் எர்த்தும் (கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பாதை). ஸ்விட்சில் 1.4 வோல்ட், சுமார் 14 ஆம்பியர் என்றால் 20 வாட் சூடு. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சால்டரிங் அயர்னைச் செருகி வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இன்னொன்று: இழை பல்பில் வோல்ட் 10 சதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதம் குறையும். உங்களுக்கு 20 சதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. 100 வாட் போட்டும் பழைய பல்பு வெளிச்சம்கூட வந்திருக்காதே?

மார்க்3_காரைக்குடி:
உண்மைதான் அண்ணே. முதல் இரண்டு நாள் பளிச்சென்று இருந்தது. அப்புறம் மஞ்சள்தான்.

டிப்பர்_மிதி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அந்த 0.8-ஐ விட்டுவிடாதீர்கள். கால்மிதி டிப்பர் தரையில், கார்பெட்டுக்கு அடியில் இருக்கிறது. மழைக்காலத்தில் செருப்போடு வரும் சேறு எல்லாம் அங்கேதான் இறங்கும். என் வண்டியில் இரண்டு போல்ட்டைக் கழற்றியபோது அடியில் கைப்பிடி மண் இருந்தது, டெர்மினல் மூன்றும் பச்சை பூத்திருந்தன. நைசான எமரி தாளில் தேய்த்து, காண்டாக்ட் கிளீனர் அடித்து, ஒயர் முனையில் இருக்கும் லக்கை மாற்றிப் போட்டேன். புதிது வாங்கவே இல்லை.

டைனமோ_மணி:
நல்ல யோசனை. ஸ்விட்சையும் தூக்கிப் போடாதீர்கள், ரிலே வந்தால் அதற்கு வேலையே இருக்காது.

முறை இதுதான். 30 ஆம்பியர் நான்கு பின் ரிலே இரண்டு, பிரைட்டுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று. கீழே வரும் 30, 87, 86, 85 எல்லாம் ரிலே பின்களின் எண்கள். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், ரிலேக்கு ஒன்றாகத் தனித்தனி 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 30-ஆம் பின்னுக்கு. 87-லிருந்து பல்புக்கு. டிப்பரிலிருந்து பல்புக்குப் போன நீலம்-வெள்ளை இனி பிரைட் ரிலேயின் 86-க்கு, நீலம்-சிவப்பு டிம் ரிலேயின் 86-க்கு. 85 எர்த். ரிலேக்கு ஸ்விட்ச் கொடுக்க வேண்டியது 0.2 ஆம்பியருக்குள்தான். ஒரு ஃபியூஸ் போனாலும் இன்னொரு பீம் மிஞ்சும். பல்பு எர்த்தைத் துருப்பிடித்த பாடியில் மாட்டாமல் பேட்டரி மைனஸ் வரை தனி ஒயர் இழுங்கள். வயர் கட்டும் முன் பேட்டரியில் எது பாடிக்குப் போகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் உண்டு, அதில் டயோடு வைத்த ரிலேயைத் தப்பாக மாட்டினால் புகைந்துவிடும்.

100/90-ஐக் கழற்றி 60/55 போடுங்கள். வண்டியில் பேட்டரியைச் சார்ஜ் செய்வது பழைய டைனமோவா, ஆல்டர்னேட்டரா?

மார்க்3_காரைக்குடி:
டைனமோ.

டைனமோ_மணி:
அப்படியானால் கட்டாயம் கழற்றுங்கள். அந்தக் காலத்து லூகாஸ் டைனமோ முழு வேகத்திலேயே 22 ஆம்பியர்தான். ஹெட்லைட்டுக்கே 17 போனால் இக்னிஷனுக்கும் வைப்பருக்கும் என்ன மிஞ்சும்? இன்னொரு விஷயம், பேட்டரியிலிருந்து நேராக எடுப்பதால் லைட் போட்டு ஓடும்போது ஆம்மீட்டர் முள் சார்ஜ் பக்கம் நன்றாகச் சாயும். பயப்படாதீர்கள், விளக்குக்குப் போகும் கரண்ட்டும் இப்போது அந்த மீட்டர் வழியாகப் போகிறது, அவ்வளவுதான்.

மார்க்3_காரைக்குடி:
பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். எங்கள் ஊர் எலக்ட்ரிஷியன் முதலில் "ரிலே எதுக்கு சார், இன்னொரு ஸ்விட்ச் போட்டுத் தர்றேன்" என்றார். அளந்த நான்கு எண்ணையும் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரே இரண்டு ரிலே எடுத்துவந்தார்.

டிப்பரைச் சுத்தம் செய்தது நான். மண்ணோடு ஐந்து பைசா நாணயம் ஒன்றும் வந்தது. இப்போது பல்பு பின்னில் 11.8, பேட்டரியில் 12.2. பழைய ஸ்விட்சையே விட்டுவிட்டேன். நேற்று இரவு புதுக்கோட்டை வரை போய்த் திரும்பினேன். வழியெல்லாம் ஒரு கை குமிழிலேயே இருந்தது, ஒரு தடவைகூடச் சுடவில்லை. எதிரே வந்த இரண்டு பேர் மட்டும் டிப் அடித்தார்கள். டிம் போட்டிருந்தும் வெளிச்சம் உயரத்தில் விழுகிறது போல.

டிப்பர்_மிதி:
ரிம்முக்குள் இருக்கும் மேல் ஸ்க்ரூவைப் பாருங்கள். சுவர் முன்னால் நிறுத்தி, பல்பு உயரத்துக்குச் சாக்பீஸில் ஒரு கோடு போட்டு, டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு கோட்டுக்குக் கீழே இறங்கும்வரை திருப்புங்கள். டயரில் காற்று சரிபார்த்துவிட்டு.