கரடிக் காட்டு நடைக்குப் பழைய ரெமிங்டன் 870: நான் மாற்றியதும் மாற்றாததும்

அலாஸ்காவில் மலை நடைக்குக் கரடிப் பாதுகாப்புக்காகத் துப்பாக்கி கொண்டுபோவது பற்றிப் பலரும் எழுதியிருக்கிறீர்கள், என் பங்குக்கு இது. இருப்பது ஆங்கரேஜில். கோடை வந்தால் சுகாச் மலைகள், இல்லையென்றால் கீனாய் பக்கம். என்னிடம் உள்ளது ரெமிங்டன் 870 விங்மாஸ்டர், 12 போர் அளவு. முன்கட்டையைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் 'பம்ப்' ஷாட்கன். பக்கத்து வீட்டுப் பெரியவர் வாத்து வேட்டைக்கு வைத்திருந்து எனக்கு விற்றது. தோளில் வைக்கும் கட்டை வால்நட் மரம், 28 அங்குல பேரல் (குழல்), முனையில் ரவை சிதறாமலிருக்க ஒடுக்கிய ஃபுல் சோக். வாத்துக்கு அருமையான துப்பாக்கிதான், ஆனால் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆல்டர் புதருக்குள் நுழைந்தால் நாலு எட்டுக்கு ஒருமுறை கிளையில் மாட்டும்.

அதனால் முதலில் பேரல். 870-இல் இது ரொம்பச் சுலபம், பேரலுக்குக் கீழே தோட்டா அடுக்கும் மேகஸின் குழாயின் நுனியில் இருக்கும் மூடியைத் திருகிக் கழற்றினால் பேரல் கையோடு வந்துவிடும். சோக் இல்லாத 18.5 அங்குல பேரல், ரைஃபிளில் இருப்பதுபோல் முன்னும் பின்னும் குறிபார்க்கும் சைட் உள்ளதாக வாங்கிப் போட்டேன். பழையதையே ரம்பத்தால் அறுத்துக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தயவுசெய்து வேண்டாம். பேரல் 18 அங்குலத்துக்கோ மொத்த நீளம் 26 அங்குலத்துக்கோ குறைந்தால் 1934-ஆம் ஆண்டு அமெரிக்க மத்தியச் சட்டப்படி அது வேறு வகை ஆயுதமாகிவிடும், பதிவில்லாமல் கையில் வைத்திருப்பதே சிறைக்குப் போகிற குற்றம். வாங்குவதற்கு முன் ரிசீவரில் (பேரலுக்குப் பின்னால் உள்ள நடு இரும்புப் பகுதி) பொறித்த எண்ணின் கடைசி எழுத்தையும் பாருங்கள். 'வி' என்றால் 2¾ அங்குலத் தோட்டாதான், 'எம்' என்றால் 3 அங்குல மேக்னம். என்னுடையது வி. அதுவே தாராளம், உதை குறைவு, அடுத்த தோட்டாவுக்குச் சீக்கிரம் தயாராகலாம்.

மேகஸினுக்குள் ஒரு மரக்குச்சி கிடந்தது. வாத்து போன்ற வலசைப் பறவைகளைச் சுடும்போது மொத்தம் 3 தோட்டாவுக்கு மேல் போடக்கூடாது என்பதால் வைப்பது அது. எடுத்துவிட்டேன், இப்போது மேகஸினில் 4 போகும். நீட்டிப்புக் குழாய் எதுவும் போடவில்லை, முன்பக்கம் கனத்தால் நாள் முழுக்கத் தூக்க முடியாது.

கட்டையைச் சுமார் ஒரு அங்குலம் குறைத்து ரப்பர் பேட் வைத்தேன். நம்மில் பலருக்கு அந்தப் பழைய கட்டைகள் நீளம், அதோடு தடித்த மழை ஜாக்கெட்டும் சேர்ந்தால் தோளுக்குக் கொண்டுவரும்போது அக்குளில் இடிக்கும். ரிசீவர் பக்கத்தில் தோட்டா மாட்டும் தட்டு ஒன்றை ஒரு நண்பர் போட்டிருந்தார். அதன் போல்ட்டைக் கொஞ்சம் அதிகமாக முறுக்கிவிட்டால் பம்ப் இறுகிப்போகும், அவருக்கு அதுதான் நடந்தது. நான் கட்டையில் எலாஸ்டிக் உறையோடு நிறுத்திக்கொண்டேன்.

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது வார். பை மாட்டிய முதுகில் வாரைக் குறுக்கே போட்டால் அவசரத்துக்கு வெளியே வராது. அதனால் பையின் இடது தோள்பட்டையில் ஒரு சிறு கொக்கி தைத்து, துப்பாக்கியை வாய் கீழே பார்க்கும்படி அதில் தொங்க விடுகிறேன். இடது கை முன்கட்டையைப் பிடித்துத் தூக்கினால் ஒரே அசைவில் தோளுக்கு வரும்.

இது உதவிய நாளைச் சொல்கிறேன். ஜூலை, ரஷ்யன் ஆறு, சாக்கை சால்மன் ஏறும் சமயம். தண்ணீர் இரைச்சலில் எங்கள் பேச்சே எங்களுக்குக் கேட்கவில்லை. ஒரு வளைவு திரும்பினோம், முப்பது அடி தூரத்தில் பழுப்புக் கரடி, காலடியில் பாதி தின்ற மீன். எழுந்து நின்று மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தது. அப்புறம் நாலு காலில் இறங்கி, பல்லை டக் டக்கென்று தட்டியது, வாயோரம் எச்சில் நூலாகத் தொங்கியது. "அண்ணா, ஓடிடாதீங்க, பேசிக்கிட்டே பின்னால வாங்க" என்றான் கூட வந்த தம்பி, அவன் கையில் கரடியை விரட்ட மிளகாய்க் காரம் பீய்ச்சும் ஸ்பிரே. என் கையில் துப்பாக்கி வந்துவிட்டிருந்தது. கரடி எங்களை நோக்கிச் சட்டென்று பாய்ந்து, பாதி வழியில் பிரேக் போட்டதுபோல் நின்றது. நாங்கள் பக்கவாட்டில் மெதுவாகப் பின்வாங்க, அது மீனைக் கவ்விக்கொண்டு வில்லோ புதருக்குள் போய்விட்டது. ஸ்பிரேயும் அடிக்கவில்லை, சுடவும் இல்லை.

அதனால் சொல்கிறேன், ஸ்பிரே இல்லாமல் துப்பாக்கியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். 2008-இல் வந்த அலாஸ்கா ஆய்வில், பழுப்புக் கரடிமேல் ஸ்பிரே அடித்த சம்பவங்களில் 92 சதவீதத்தில் அது வம்புப் போக்கை நிறுத்தியிருக்கிறது. சுட்டுக் கொன்றால் விஷயம் அதோடு முடியாது, தோலை நகத்தோடு உரித்து மண்டையோட்டையும் சேர்த்து அரசிடம் ஒப்படைத்து அறிக்கையும் தர வேண்டும். அவசரமாகக் கொன்றுவிட்ட ஒரு தாய்க் கரடியின் குட்டிகளை நினைத்தாலே எனக்கு மனம் கேட்காது.

போடுவது பறவைக்கான ரவை இல்லை, ஸ்லக் (ஒரே பெரிய ஈயக் குண்டு) மட்டும். மென்மையான ஃபாஸ்டர் வகையைவிடக் கடினமான பிரெனெக்கே வகை ஆழமாக இறங்கும். நடக்கும்போது சேம்பர் (சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் அறை) காலி, மேகஸினில் மட்டும் தோட்டா. மேகஸினை நிரப்புவதற்கு முன்பே, காலி சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, வாயைப் பத்திரமான பக்கம் திருப்பி ட்ரிக்கரை ஒருமுறை இழுத்துவிடுவேன். உள்ளே இருக்கும் ஹேமர் (சுத்தியல்) இறங்காவிட்டால் பம்ப் பூட்டிக்கொள்ளும், ட்ரிக்கர் வளையத்துக்கு அருகிலுள்ள சின்ன பட்டனை அழுத்தினால்தான் நகரும், பதற்றத்தில் அந்தப் பட்டன் கைக்கு அகப்படாது. பேரல் வாயில் மழையும் சேறும் புகாமல் இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு. ராபிட் கிரீக் துப்பாக்கிப் பயிற்சித் திடலில் இதே ஜாக்கெட்டோடும் கையுறையோடும் பழகுங்கள்.

இன்னொன்று, கிரீன் கார்டு வந்த பிறகுதான் நான் வாங்கினேன். எச்1பி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க மத்தியச் சட்டத்தில் பொதுவாகத் தடை, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. வக்கீலிடம் கேட்காமல் இறங்க வேண்டாம்.

கயாக் படகில் கொண்டுபோகிறவர்கள் உப்புத் தண்ணீர்த் துருவுக்கு என்ன பூசுகிறீர்கள்? விங்மாஸ்டரின் நீலப் பூச்சு கடல்காற்றுக்குத் தாங்கமாட்டேன் என்கிறது.