மூன்றாம் வகுப்பு மகனுக்குக் கழித்தல் வரவில்லை, வீட்டில் எப்படிச் சொல்லித் தருவது?

கரூர் அம்மா: மகன் அரசுப் பள்ளியில் மூன்றாவது படிக்கிறான். கூட்டல் நன்றாகவே போடுகிறான். ஆனால் 42-இல் 17 போனால் 35 என்கிறான், ஒன்று, பத்து என எந்த இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்துவிடுகிறான். தினமும் பத்துக் கணக்கு எழுத வைக்கிறேன், அழுகிறான்.

வகுப்பு ஆசிரியை: எழுத வைப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள் அம்மா. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, நாலு கட்டும் இரண்டு உதிரியும் அவன் கையில் கொடுத்துப் பதினேழு குச்சி கேளுங்கள். இரண்டிலிருந்து ஏழு எடுக்க முடியாது என்று அவனே பார்ப்பான், ஒரு கட்டைப் பிரித்தால் உதிரி பன்னிரண்டு ஆகும், கடன் வாங்குவது என்பது இதுதான். தொடக்க வகுப்புகளுக்கான தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் வந்ததிலிருந்து நாங்களும் வகுப்பில் இப்படிப் பொருட்களை வைத்துத்தான் சொல்லித் தருகிறோம்.

இரண்டு பிள்ளை அப்பா: 50 ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்புங்கள், மீதிச் சில்லறை எண்ணியே என் மகள் கற்றுக்கொண்டாள்.

வகுப்பு ஆசிரியை: நல்லதுதான் சார், ஆனால் கடையில் கூட்டம் இருந்தால் பிள்ளை பதறும். முதலில் வீட்டிலேயே கடை வைத்து விளையாடுங்கள், பதினைந்து நிமிடம் போதும்.

கரூர் அம்மா: சரி டீச்சர், இன்றைக்கே குச்சி கட்டுகிறேன். ரொம்ப நன்றி.