பொருள்: 'ட்ரங்கேஷன்' – கடைக்குறைத் தேடல்

நண்பர்களுக்கு வணக்கம். சொல்லின் தொடக்கப் பகுதியை மட்டும் இட்டு, அப்படித் தொடங்கும் எல்லாச் சொற்களையும் தேடும் முறையே 'ட்ரங்கேஷன்'. அதற்கான தமிழ்ச்சொல் பற்றிய நம் விவாதத்தில் ஒரு நண்பர் எழுதியது:

> 'துண்டிப்புத் தேடல்' போதும். எல்லோருக்கும் புரியும்.

வேறொன்றாகப் புரிந்துவிடும் என்பதுதான் என் கவலை. நூலகத் தரவுத்தளத்தின் உதவிப் பக்கத்தில் 'துண்டிப்பு' என்று கண்டால், இணைப்பு அறுந்துவிட்டது என்றே மாணவர் நினைப்பார். 'அடிச்சொல் தேடல்' என்ற முன்மொழிவும் வந்தது. அதை 'ஸ்டெம்மிங்'குக்கு விட்டுவைக்க வேண்டும்; அங்கே அடிச்சொல்லைக் கண்டறிவது மென்பொருள். இங்கோ எந்த இடத்தில் குறைப்பது என்பதைத் தேடுபவரே முடிவு செய்கிறார்.

நான் முன்வைப்பது 'கடைக்குறைத் தேடல்'. 'நீலம்' என்பது 'நீல்' என நிற்பதைக் கடைக்குறை என்று படித்திருக்கிறோம். தேடலிலும் சொல்லின் கடைசிப் பகுதியை நீக்கி உடுக்குறி (*) இடுகிறோம். 'புலம்பெயர்*' என்று இட்டால் புலம்பெயர்வு, புலம்பெயர்தல், புலம்பெயர்ந்தோர் எல்லாம் வந்துவிடும். ஆங்கிலத்தில் 'மைக்ரேஷன்' என்பதை முதல் 5 எழுத்துகளோடு நிறுத்தினால் ஒற்றைத் தலைவலி பற்றிய 'மைக்ரேன்' கட்டுரைகளும் வந்து குவியும். 6 எழுத்துகளோடு நிறுத்தினால் மைக்ரேன் விலகும். 'மைக்ரன்ட்' என்ற சொல்லும் கூடவே போய்விடும். அதை 'அல்லது' என்னும் இணைப்போடு தனியே சேர்க்க வேண்டும்.

தமிழில் இது இன்னும் நுட்பமானது. நில உரிமை பற்றித் தேடுபவர் 'நிலம்*' என்று இட்டால் நிலத்தை, நிலங்கள் என்பவை சிக்கா. ஈற்று மகரம் திரிந்துவிடுகிறது. 'நில*' என்று குறைத்தால் நிலவரம், நிலவு மட்டுமல்ல, நிலை, நிலையம் கூட வரக்கூடும். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் 'லை' என்பது லகரமும் ஐகாரக் குறியுமாக இரண்டு குறியீடுகள். நம் கண்ணுக்குத்தான் அது ஓரெழுத்து. ஆகவே 'நிலம்', 'நிலத்*', 'நிலங்*' என மூன்றையும் 'அல்லது' போட்டுத் தேடுவதே பாதுகாப்பு. உதவிப் பக்கத்தில் இந்த எடுத்துக்காட்டை அவசியம் சேர்க்க வேண்டும்.

> இலக்கணத்தில் கடைக்குறையால் பொருள் மாறாது. தேடலில் பொருள் விரிகிறதே, பொருந்துமா?

நல்ல கேள்வி, ஐயா. அதனால்தான் 'கடைக்குறை' என்று தனியே நிறுத்தாமல் 'தேடல்' என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்கிறேன். குறைவது சொல், விரிவது தேடல்.

இந்தச் சொல்லை ஏற்றால் இன்னொரு வசதியும் உண்டு. உழைப்பைக் குறிக்கும் 'லேபர்' என்ற சொல்லைப் பிரிட்டனில் 'யு' சேர்த்தும் அமெரிக்காவில் சேர்க்காமலும் எழுதுகிறார்கள். நடுவில் ஒரு குறியிட்டு இரண்டு வடிவங்களையும் பிடிக்கச் சில தரவுத்தளங்கள் இடம் தருகின்றன. அதற்கு 'இடைக்குறைத் தேடல்' அப்படியே பொருந்தும். சொல்லின் தொடக்கத்தில் உடுக்குறி இடும் முதற்குறைத் தேடலைப் பல தரவுத்தளங்கள் ஏற்பதில்லை என்றாலும், பெயர் தயாராக இருக்கட்டும்.

இப்படி வேறு எழுத்துகளுக்குப் பதிலாக நிற்கும் 'வைல்டு கார்டு' குறிகளுக்குப் பொதுவாக ஒரு பெயர் இன்னும் அமையவில்லை. 'பதிலிக்குறி' என்று வைக்கலாமா? மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.