மீட்டெடுத்த மெய்நிகர் கணினிகளில் இரண்டு மட்டும் துவங்கவில்லை, உடனடி உதவி தேவை

மறுதொடக்கம்:
அனைவருக்கும் வணக்கம். சர்வரின் தாய்ப்பலகை பழுதாகிவிட்டதால், அதற்குள் மென்பொருளாக ஓடிய எல்லா மெய்நிகர் கணினிகளையும் பேக்கப்பிலிருந்து புதிய சர்வரில் மீட்டெடுத்தேன். மென்பொருள் பிழை எதுவும் காட்டாமல் வெற்றிகரமாக முடிந்தது என்றே அறிவித்தது. வட்டுகளின் அளவும் சரியாகவே உள்ளது. ஆனால் இரண்டு கணினிகள் மட்டும் துவங்காமல், 'ஷெல்' என்ற சொல்லோடு கறுப்புத் திரையில் நின்றுவிடுகின்றன. முந்தைய வாரத்துப் பேக்கப்பை எடுத்துப் பார்த்தும் அதே நிலைதான். காலைக்குள் இவை ஓடியாக வேண்டும். பேக்கப் மென்பொருளையே மாற்ற வேண்டுமா?

வட்டுக்காவலர்:
எந்த ஹைப்பர்வைசர் (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்), உள்ளே ஓடும் இயங்குதளம் எது, கணினியை முதலில் எழுப்பும் ஃபர்ம்வேர் பழைய பயாஸா புதிய யூஇஎஃப்ஐயா, கணினியின் வரையறையையும் (நினைவகம், வட்டு முதலிய அமைப்புகள்) மென்பொருளே மீட்டுத் தந்ததா அல்லது நீங்கள் கையால் உருவாக்கினீர்களா? இந்த நான்கும் தெரியாமல் எதுவும் சொல்ல இயலாது. 'ஷெல்' என்று பொதுவாகச் சொல்கிறீர்கள். ஷெல் என்பது கட்டளைக்காகக் காத்திருக்கும் திரை; துவக்க நிரலான கிரப் தரும் ஷெல், லினக்ஸ் துவக்கத்தின் நடுவே வரும் டிராக்கட்டின் அவசரநிலை ஷெல், ஃபர்ம்வேரே தரும் யூஇஎஃப்ஐ ஷெல் ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு நோய்களின் அறிகுறிகள்.

உறைபனி:
கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்து வட்டுப் பிரதி) எடுத்திருப்பீர்கள். வெளியிலிருந்து வரும் கட்டளையை உள்ளே நிறைவேற்றும் துணைநிரலான கியூஇஎம்யூ கெஸ்ட் ஏஜென்ட் நிறுவப்பட்டிருக்காது. அது இல்லையென்றால், ஸ்னாப்ஷாட் எடுக்கும் கணத்தில் கோப்பு முறைமையை உறையவைக்க (எழுதுவதைச் சற்று நிறுத்திவைக்க) வழியில்லை. மின்சாரம் திடீரென்று போன கணினியின் வட்டைப் போலத்தான் அந்தப் பிரதி இருக்கும். இப்படிப்பட்ட பழுதுகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே காரணம் என்பது என் அனுபவம்.

முதுவர்:
இதே கேள்விக்கு இங்கே குறைந்தது மூன்று முறை பதில் எழுதியிருக்கிறேன்; தேடிப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இருப்பதில்லை. பழுதானது தாய்ப்பலகை மட்டும் என்றால் பழைய வட்டுகள் உயிரோடுதானே இருக்கின்றன? அவற்றை நேராகப் புதிய சர்வரில் பொருத்தாமல் மீட்டெடுப்பில் இறங்கியது ஏன் என்பதை முதலில் விளக்குங்கள். நிற்க, அரைகுறைத் தகவலோடு கேள்வி கேட்பவருக்கு அரைகுறைப் பதில்தான் கிடைக்கும்.

மறுதொடக்கம்:
மன்னிக்கவும் ஐயா, பதற்றத்தில் எழுதிவிட்டேன். ஹைப்பர்வைசர் கேவிஎம்தான். துவங்காத இரண்டும் டெபியன் லினக்ஸ். அல்மா லினக்ஸ் கணினிகளும், பல ஆண்டுகளுக்கு முன் உருவாக்கிய பழைய டெபியன் கணினிகளும் நன்றாக ஓடுகின்றன. மென்பொருள் வட்டுக் கோப்பை மட்டுமே திருப்பித் தந்தது. மற்றவற்றை விர்ட் மேனேஜர் என்ற மேலாண்மைக் கருவியில் புதிதாக உருவாக்கி, அந்த வட்டை இணைத்தேன்.

கருவிப்பெட்டி:
கேவிஎம்மின் மெய்நிகர் வட்டைப் படிக்கும் விர்ட்டியோ இயக்கி, துவக்கத்தில் ஏறும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸில் இல்லாமல் இருக்கலாம். வேறு தளத்திலிருந்து கேவிஎம்முக்கு மாற்றிய கணினிகளில் இதை அடிக்கடி காண்கிறோம். விண்டோஸ் என்றால் இதே கோளாறு 0எக்ஸ்7பி என்ற நீலத்திரையாக வரும். வட்டை தற்காலிகமாக, சாதாரண வட்டைப் போல, சாட்டா முறையில் இணைத்துப் பாருங்கள்.

உறைபனி:
அதற்கு முன் அந்த வட்டில் கோப்பு முறைமைச் சோதனையை ஓட்டிவிடுங்கள் என்றே நான் சொல்வேன். இதனால்தான் ஒவ்வொரு கணினிக்குள்ளும் பேக்கப் ஏஜென்ட்டை நிறுவ வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். வெளியிலிருந்து வட்டைப் பிரதி எடுப்பவனுக்கு உள்ளே ஓடும் தரவுத்தளத்தின் நிலை என்ன தெரியும்?

முதுவர்:
இது பத்தாண்டுப் பழைய வாதம். போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்கள் எழுதவிருக்கும் மாற்றத்தை முன்பதிவுக் கோப்பில் (லாக்) குறித்துவிட்டே எழுதுவதால், எல்லா வட்டுகளும் ஒரே கணத்தில் பிரதியெடுக்கப்பட்டிருந்தால் தாமாகவே மீண்டெழும். விண்டோஸில் தரவைச் சீரான நிலையில் பிரதியெடுக்க விஎஸ்எஸ் என்ற நிழற்பிரதிச் சேவை இருக்கிறது. தவிர, கேவிஎம்மை நிர்வகிக்கும் லிப்விர்ட்டின் இப்போதைய பதிப்புகளில், மாறிய பகுதிகளைப் பிட்மேப்பில் குறித்துவைத்து அவற்றை மட்டும் எடுக்கும் வசதி ஹோஸ்ட்டிலேயே (கணினிகளைத் தாங்கும் சர்வரிலேயே) இருக்கிறது. நாற்பது கணினிக்கு நாற்பது ஏஜென்ட் நிறுவி, ஒவ்வொன்றையும் தனித்தனியே புதுப்பித்துக்கொண்டிருப்பது யார்?

உறைபனி:
எல்லா வட்டுகளும் ஒரே கணத்தில் என்று நீங்கள் போகிற போக்கில் போட்ட நிபந்தனையைத்தான் பலரும் கவனிப்பதில்லை. தரவு ஒரு வட்டிலும் முன்பதிவு இன்னொரு வட்டிலும் இருக்க, மென்பொருள் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தால் உங்கள் தாமாக மீண்டெழுதல் எங்கே போகும்?

வட்டுக்காவலர்:
இருவர் சொல்வதும் கவனிக்க வேண்டியவையே, ஆனால் கேட்டவரின் கணினி அந்தக் கட்டத்துக்கே வரவில்லை. இயங்குதளத்தின் கருவான கெர்னல் ஏறிய பிறகுதான் இனிட்ராம்எஃப்எஸ் பற்றிய பேச்சே வரும். திரையில் வெறும் 'ஷெல்' என்று நிற்கிறதென்றால், அது பெரும்பாலும் யூஇஎஃப்ஐ ஷெல். பழைய டெபியன்கள் ஓடுவதற்குக் காரணம், அவை பயாஸ் முறையில் நிறுவப்பட்டிருக்கும். அல்மா ஓடுவதற்கு வேறு காரணம் உண்டு: ரெட் ஹாட் வழிவந்த இயங்குதளங்கள், துவக்கக் கோப்புகளுக்கென வட்டில் ஒதுக்கிய இஎஃப்ஐ பகிர்வில் 'பூட்' என்ற பொது அடைவிலும் ஒரு துவக்கக் கோப்பை வைத்துவிடுகின்றன. டெபியன், நாம் கேட்டுக்கொண்டாலொழிய அப்படி வைப்பதில்லை. தன் பெயரிலான அடைவில் வைத்துவிட்டு, அதற்கான வழியை, ஃபர்ம்வேரின் அமைப்புகளைச் சேமிக்கும் என்விராமில் மட்டும் எழுதுகிறது. அந்த என்விராம், வட்டுக் கோப்புக்குள் இல்லை; ஹோஸ்ட்டில் லிப்விர்ட்டின் அடைவுக்குள் தனியொரு சிறு கோப்பாக இருக்கிறது. உங்கள் பேக்கப் மென்பொருள் அதைத் தொடவில்லை. புதிதாக உருவாக்கிய கணினிக்கு வெற்று என்விராம் கிடைத்ததால், எங்கிருந்து துவங்குவது என்று ஃபர்ம்வேருக்குத் தெரியவில்லை. பேக்கப் எந்த நாளுடையது என்பது இதில் ஒரு பொருட்டே அல்ல.

திரையில் ஐந்து நொடி எண்ணி முடித்ததும் ஷெல் வரும். அதற்கு மேலே ஒரு பட்டியல் தெரியும். அதில் 'எஃப்எஸ்0' என்ற வரி இருந்தால் இஎஃப்ஐ பகிர்வு படிக்க முடிகிறது என்று பொருள், நிம்மதியாகலாம். 'பிஎல்கே' என்று தொடங்கும் வரிகள் மட்டும் இருந்தால் உறைபனி சொல்லும் சேதத்தைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். முதல் நிலை என்றால் எஃப்எஸ்0-க்குள் போய், இஎஃப்ஐ அடைவுக்குள் டெபியன் அடைவில் உள்ள 'ஷிம்எக்ஸ்64' கோப்பைக் கையால் இயக்குங்கள். அது இல்லையென்றால் 'கிரப்எக்ஸ்64'. கணினி துவங்கியதும் உள்ளே கிரப்-இன்ஸ்டால் கட்டளையை, பொது அடைவிலும் ஒரு பிரதி வைக்கும் விருப்பத்தோடு ஓட்டினால், அடுத்த முறை என்விராம் தொலைந்தாலும் கணினி துவங்கும்.

கருவிப்பெட்டி:
அப்படியானால் சாட்டா யோசனையை விட்டுவிடுங்கள், நான் கெர்னல் வரை வந்துவிட்டது என்று எண்ணிவிட்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: வட்டை மட்டும் எடுத்துவிட்டு 'மெய்நிகர் கணினி ஆதரவு' என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களின் மேல்தான் எனக்குக் கோபம். லிப்விர்ட்டின் வரையறைக் கோப்பு, என்விராம், சாவிகளைக் காக்கும் டிபிஎம் சில்லு இருந்தால் அதன் நிலைக்கோப்பு ஆகிய மூன்றும் மிகச் சிறியவை. ஒவ்வொரு பேக்கப்போடும் சேர்த்து எடுப்பதில் என்ன சிரமம்? டிபிஎம் நிலையை விட்டுவிட்டு விண்டோஸை மீட்டால், வட்டைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கர் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டுக்கொண்டு நிற்கும். அந்த வசதி வரும்வரை, நான் பேக்கப் தொடங்குமுன் இவற்றை ஒரு சிறு நிரலால் பிரதியெடுத்து, வட்டுக் கோப்புகளின் பக்கத்திலேயே போட்டுவைக்கிறேன்.

முதுவர்:
வரையறையை எடுக்கும்போது பாதுகாப்புத் தகவலையும் சேர்த்துக் கேட்க வேண்டும், இல்லையேல் கடவுச்சொற்கள் அதில் வாரா. இதையும் முன்பே எழுதியிருக்கிறேன்.

மறுதொடக்கம்:
எஃப்எஸ்0 இருந்தது. டெபியன் அடைவிலிருந்து இயக்கியதும் ஒன்று துவங்கிவிட்டது, நன்றி ஐயா. இன்னொன்றைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

வட்டுக்காவலர்:
கிரப்-இன்ஸ்டாலை ஓட்டினீர்களா? ஓட்டாமல் இருந்தால் அடுத்த மறுதுவக்கத்தில் மீண்டும் அதே ஷெல்தான் வரும். இரண்டாவது கணினி என்னவாயிற்று?

உறைபனி:
இரண்டாவதில் 'பிஎல்கே' மட்டும் தெரிந்தால் சொல்லுங்கள்.