அமெரிக்க டிவியில் ஜானி கார்சன், டேவிட் லெட்டர்மேன் நடத்திய ராத்திரி அரட்டை ஷோக்கள்: மறக்க முடியாத ஒரு கணம் சொல்லுங்கள்

பிராட்வே_பால்கனி:
லெட்டர்மேன் ஷோ நடந்த நியூயார்க் எட் சல்லிவன் தியேட்டருக்குள் அப்போது போனவர்களுக்குத் தெரியும், ஆகஸ்ட்டில்கூட உள்ளே ஸ்வெட்டர் வேண்டியிருந்தது. அதை விடுங்கள். எனக்கு இன்னும் உறுத்துவது விளம்பர இடைவேளைதான். ஷோவின் பால் ஷேஃபர் இசைக்குழு காது கிழிய வாசிக்கிறது, விருந்தாளி பக்கத்து நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிறார், லெட்டர்மேன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. மேசையைப் பார்த்தபடி இருந்தார், முகத்தில் சிரிப்பே இல்லை. இடைவேளை முடிந்ததும் பார்த்தால் அதே முன்பல் இடைவெளி தெரிகிற சிரிப்பு. பதிவு சாயங்காலம்தானே, ராத்திரி 11.35க்கு ஹோட்டலில் அதையே டிவியில் பார்த்தோம். அந்த இடத்தில் கார் விளம்பரம் ஓடுகிறது. "ஜாலியான மனுஷன் இல்ல?" என்றாள் மனைவி. நான் பதில் சொல்லவில்லை.

இல்லினாய்ஸ்_பழசு:
1992 மே 21. எங்களுக்கு சென்ட்ரல் டைம், பத்தரைக்கே வந்துவிடும். கார்சனின் கடைசிக்கு முந்தைய ஷோ, விருந்தாளிகள் காமெடி நடிகர் ராபின் வில்லியம்ஸ், அப்புறம் பாடகி பெட் மிட்லர். நான் அப்போதுதான் திருச்சியிலிருந்து படிக்க வந்தவன், பாதி ஜோக் புரியாது, கார்சன் பக்கத்தில் உட்காரும் துணை அறிவிப்பாளர் எட் மெக்மஹன் சிரித்தால் நானும் சிரிப்பேன். பெட் மிட்லர் பாடும்போது கேமரா குறுக்கே போய், முன்னால் அவர், பின்னால் கண் கலங்கிய கார்சன் என்று காட்டியது. என் அறைத்தோழன் சட்டென்று எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "எங்க அப்பாவும் நானும் பேசிக்கிட்டதே இந்த ஷோ ஓடும்போதுதான்" என்றான். வருடம் முழுக்க வாடகையும் பாத்திரமும் தவிர எதுவும் பேசாதவன். அப்புறமும் பேசவில்லை.

லிஃப்ட்_முஜிபுர்:
எல்லாரும் ஜானி, டேவ் என்று உருகுகிறீர்கள். முஜிபுரும் சிராஜுலும் ஞாபகம் இருக்கிறார்களா? தியேட்டர் பக்கத்து நினைவுப்பொருள் கடையில் வேலை பார்த்த வங்கதேசத்துக்காரர்கள், லெட்டர்மேன் 1993இல் சிபிஎஸ் சேனலுக்கு வந்த பிறகு நாடு முழுக்கத் தெரிந்த முகங்கள். அந்த வருடம் ஆபீஸில் எனக்கு வைத்த பெயரும் முஜிபுர்தான். ஒருநாள் லிஃப்டில் அத்தனை பேர் முன்னால் ஒருவர் "முஜிபுர், சிராஜுல் எங்கே?" என்றார், எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த என் சிரிப்புதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

குயின்ஸ்_வாசி:
லிஃப்ட் சார், ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் அந்தக் கடைக்குப் போயிருக்கிறேன், அவர்களோடு படம் எடுத்துக்கொள்ள வெளியூர்க்காரர்கள் நிற்பார்கள். அன்றைக்கு வேறு எந்த சேனலில் நம் பக்கத்து முகம் வந்தது? டாக்ஸி ஓட்டுகிற ஜோக்கில் வந்திருக்கும், அவ்வளவுதான். இவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

லிஃப்ட்_முஜிபுர்:
கடைக்குள் சரி சார். லிஃப்டுக்குள் நின்றது நான்.

டேப்_மாமா:
என் கதை சின்னது. 1994 மே மாதம் லெட்டர்மேன் லாஸ் ஏஞ்சலஸில் நடத்திய ஷோ, டேவ் தினமும் வாசிக்கும் பத்து ஜோக் பட்டியலான டாப் டென் அட்டையைக் கொடுக்க கார்சனே வந்தார், டேவ் எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுக்க, அதில் உட்கார்ந்து கைத்தட்டலை வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். அதைப் பதிந்து வைத்திருந்தேன், இப்போது சரியாக அந்த இடத்தில் மட்டும் கோடு கோடாக ஓடுகிறது. அதனால் சொல்கிறேன், பரணில் விஎச்எஸ் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே இறக்குங்கள். நெட்டில் எல்லாம் இருக்கிறது என்று இருக்காதீர்கள், அறுபதுகளில் கார்சன் செய்த ஷோக்களில் பெரும்பகுதியை டேப் மிச்சம் பிடிக்க, அதை ஒளிபரப்பிய என்பிசி சேனலே அழித்துவிட்டது. படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள். வெயில் படும் அறை கூடாது. உள்ளே வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போடவே போடாதீர்கள், டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த டேப்பையும் கெடுக்கும். போடும் முன் ஒரு தடவை கடைசி வரை ஓட்டித் திருப்பிச் சுற்றுங்கள். ஒரே டேப்பில் ஆறு மணி நேரம் அடங்கும் மெதுவான வேகத்தில் பதிந்ததென்றால் பதிந்த அதே மெஷினில்தான் ஓரளவு ஒழுங்காக ஓடும், அதைத் தூக்கிப் போட்டிருந்தால் படக்கோடுகளைச் சரிசெய்யும் டிராக்கிங்கைத் திருகியே பொழுது போகும். கம்ப்யூட்டரில் ஏற்ற மலிவான யூஎஸ்பி ஒயர் வாங்கினால் சத்தம் ஒரு பக்கம் படம் ஒரு பக்கம் போகும், அனுபவம்.

இல்லினாய்ஸ்_பழசு:
மாமா, யாரும் டேப் பற்றிக் கேட்கவில்லையே! பால்கனிக்காரருக்கு ஒன்று: இடைவேளையிலேயே பேசித் தீர்த்துவிட்டால் கேமரா முன்னால் பேச என்ன மிச்சம் இருக்கும்? அந்த முகத்தை வைத்து ஆளை எடை போடாதீர்கள். 2005இல் கார்சன் இறந்த பிறகு டேவ் செய்த முதல் ஷோவின் தொடக்க ஜோக்குகள் முழுக்க, ஓய்வு பெற்ற பிறகு கார்சன் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தவை. சொல்லி முடித்த பிறகுதான் அது யார் எழுதியது என்றே சொன்னார்.

பிராட்வே_பால்கனி:
அதையும் பார்த்தேன் சார். அன்றைக்கும் இடைவேளையில் எப்படி இருந்தார் என்றுதான் யோசித்தேன்.